மாசி வெயிலுக்கு ஆடியிலேயே விதை போடுங்கள்: தருமபுரி வீட்டுத் தோட்டமும் வற்றல் டப்பாவும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். நல்லம்பள்ளி பக்கம் புதிதாக வீடு கட்டி வந்திருக்கிறீர்கள். பின்னால் மூன்று சென்ட் செம்மண், ஒரு போர்வெல். மாசியில் நட்ட தக்காளி சித்திரையில் பூவெல்லாம் கொட்டிவிட்டு நின்றது. ஐப்பசியில் போட்ட கொத்தவரங்காய் வற்றல் பூஞ்சை பிடித்துவிட்டது. வருஷம் முழுக்க வீட்டுக் காய் சாப்பிட என்ன வழி, வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிற மாதிரி காய்களைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து வேகவைத்து வைத்துக்கொள்ளலாமா, இதுதான் கேள்வி.

உங்கள் மண்ணிலோ விதையிலோ கோளாறு இல்லை. தக்காளி கொட்டியதற்கும் வற்றல் கெட்டதற்கும் காரணம் ஒன்றுதான்: மாசம் தப்பிவிட்டது. நம் ஊரில் தோட்டத்தை விதைக்கிற மாசத்திலிருந்து முன்னோக்கி யோசித்தால் எப்போதும் இப்படித்தான் ஆகும். எந்த மாசத்து வெயிலில் காய வைக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னால் எண்ணி வந்து விதைக்க வேண்டும். கேழ்வரகும் அவரையும் மிளகாயும் போட்டுப் பிழைத்த இந்தச் சீமைக்காரர்கள் காலம் காலமாகச் செய்து வந்தது இதுதான்.

வெயிலில் காய வைப்பதற்கு இரண்டு கணக்கு போதும். பகல் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தருமபுரியில் மாசி, பங்குனி, சித்திரை முதல் பாதி வரை இந்த இரண்டும் தானாகவே கிடைக்கும். சித்திரை கடைசியில் இருந்து சாயங்காலம் இடி இடித்துக் கோடை மழை கொட்ட ஆரம்பித்துவிடும், மாடியில் காய்கிற எதையும் நம்பி விட்டுவிட்டு வெளியே போக முடியாது. ஆனி ஆடியில் காற்று பலமாக அடிக்கும், ஆனால் மேகமும் புழுதியும் கூடவே வரும். ஐப்பசி கார்த்திகையில் வெயில் அடித்தாலும் காற்றில் ஈரம் கூடுதல், காய் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். உங்கள் கொத்தவரங்காய் கெட்டது அதனால்தான். அதே கையால், அதே உப்புப் போட்டு, மாசிக் கடைசியில் செய்திருந்தால் இன்றைக்கும் டப்பாவில் கலகலவென்று இருந்திருக்கும்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்கிறவர்கள் சொல்லும் மாசக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் பாதிதான். அங்கே சித்திரையிலும் இரவு குளுகுளு என்று இருக்கும், தக்காளி பிஞ்சு பிடிக்கும். நமக்கு அது நடக்காது. தக்காளிப் பூ பிஞ்சாக மாற இரவு கொஞ்சம் குளிர வேண்டும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24, 25க்குக் கீழே இறங்காமல் புழுங்கினால் மகரந்தம் வீணாகிப் பூ காம்போடு உதிர்ந்துவிடும். நீங்கள் எவ்வளவு தண்ணீர் விட்டாலும், பஞ்சகவ்யம் தெளித்தாலும் அதை நிறுத்த முடியாது. தப்பித்து நிற்கிற ஒன்றிரண்டு காயும் செக்கச்செவேலென்று பழுக்காமல் மஞ்சளாகவே நிற்கும், அந்தச் சிவப்பு நிறம் கடும் வெயிலில் சரியாக உருவாவதில்லை. போதாக்குறைக்கு வெள்ளை ஈ வந்து இலைச்சுருட்டு நோயைப் பரப்புவதும் கோடையில்தான் அதிகம். ஆகவே சித்திரைத் தக்காளியை மறந்துவிடுங்கள்.

சரி, தக்காளியை எப்போது போடுவது? புரட்டாசி பாதியில் நாற்று விடுங்கள். இருபத்தைந்து நாளில் நாற்று தயார், ஐப்பசியில் நடலாம். ஐப்பசி மழை வேரை அழுகச் செய்யும் என்பதால் பாத்தியைத் தரையோடு போடாமல் ஒரு முழம் அகல மேட்டுப்பாத்தியாக அணைத்து, மேட்டின் மேல் நடுங்கள். மார்கழிப் பனியில் பூத்து, தையில் பழம் எடுக்க ஆரம்பித்தால் மாசி வரை வரும். முதல் பழங்கள் சமையலுக்கு, பொங்கலுக்குப் பிறகு மொத்தமாகப் பழுப்பது வற்றலுக்கும் தொக்குக்கும். பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தைகளில் தக்காளி விலை தரைக்கு இறங்கும் நாட்களும் வரும், அப்போது உங்கள் தோட்டம் ஏமாற்றியிருந்தாலும் ஒரு பெட்டி வாங்கிக் காய வைத்துக்கொள்ளலாம், விவசாயிக்கும் ஒரு பெட்டி விற்ற மாதிரி இருக்கும். ரோட்டோரம் கொட்டிக் கிடக்கிற தக்காளியைப் பார்க்கும்போதெல்லாம், வீட்டுக்கு ஒரு பெட்டி காய வைத்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றும்.

பழம் அடியில் கறுத்துக் குழி விழுந்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். ஒருநாள் வெள்ளமாக விட்டு, நாலு நாள் காயப் போட்டு, மறுபடி வெள்ளமாக விட்டால் செடியால் சுண்ணாம்புச் சத்தைப் பழம் வரை கொண்டுபோக முடியாது, அதனால் வருகிற கோளாறு அது. கொஞ்சம் கொஞ்சமாகத் தவறாமல் தண்ணீர் விட்டு, வேரடியில் நிலக்கடலைத் தோலோ கரும்புச் சோகையோ நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினால் அடுத்த காய்கள் சரியாகிவிடும். இப்படிப் பரப்புவதுதான் மூடாக்கு, அது இல்லாத செம்மண் நம் வெயிலில் ஒரே நாளில் ஓடாகக் காய்ந்துவிடும், அதனால் தக்காளிக்கு மட்டுமில்லை, எல்லாப் பாத்திக்கும் மூடாக்கு போடுங்கள்.

மிளகாய்தான் இந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிற செடி. ஆடியில் நாற்று விட்டு, ஆவணிக் கடைசியில் நட்டால், ஐப்பசிக்கு மேல் பச்சை மிளகாய் கிடைக்கும். தைக்கு அப்புறம் பறிப்பதை நிறுத்திப் பழுக்க விடுங்கள். மாசியில் பழம் எடுத்ததும் நேராக வெயிலில் கொட்டக் கூடாது. சாக்கில் கொட்டி மூடி, நிழலில் இரண்டு நாள் வைத்தால் அரைப்பழமாக இருப்பதும் ஒரே சிவப்பாக மாறும், அப்புறம்தான் வெயில். காய்ந்ததா என்று பார்க்க ஒரு மிளகாயைக் காதோரம் ஆட்டிப் பாருங்கள், உள்ளே விதை கலகலக்க வேண்டும். காம்பு ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு முப்பது நாற்பது செடி ஒழுங்காக வளர்ந்தால் கடையில் தூள் வாங்கும் வேலை பெரும்பாலும் இருக்காது.

மோர்மிளகாய்க்குக் குட்டையான, தடித்த, காரம் குறைந்த காயாகத் தனியே நாலு செடி வையுங்கள். ஒரு கிலோ மிளகாய்க்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கல்லுப்பு, முக்கால் லிட்டர் புளித்த தயிர். நுனியைக் கீறி இரண்டு நாள் ஊற வைத்து, பகலில் எடுத்துக் காய வைத்து, ராத்திரி அதே தயிரில் போட்டு, தயிர் முழுக்க உறிஞ்சி முடியும் வரை இதையே செய்து, கடைசியில் மொடமொடவென்று காய விடுங்கள். இதையும் பங்குனியில் செய்யுங்கள், பனிக்காலத்தில் செய்தால் தயிர் உறிஞ்சுவதற்குள் வாடை வந்துவிடும்.

அடுத்து அவரை. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அவரைக்கொட்டை இல்லாமல் தை மாசம் கிடையாது, ஆனால் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் அதை விட்டுவிட்டுக் கேரட், காலிபிளவர் என்று போகிறார்கள். நாட்டு அவரை, மொச்சை இரண்டும் பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் மழையில் கொடி ஓடி, கார்த்திகையில் பூத்து, மார்கழிப் பனியில் காய் பிடித்து, தையில் பச்சைக்கொட்டை, மாசியில் காய்ந்த கொட்டை என்று வரிசையாக நடக்கும். அதையே தையில் விதைத்தால் கொடி வேலி முழுக்கப் படரும், பூ மட்டும் வராது, அடுத்த கார்த்திகை வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மானாவாரிக் காட்டில் கேழ்வரகுக்கு நடுவே சால் விட்டு அவரை போடுவதும் இதனால்தான்: கேழ்வரகு அறுத்த பிறகு அந்த இடம் முழுக்க அவரைக்குக் கிடைக்கும். உங்கள் மூன்று சென்ட்டில் கேழ்வரகு வேண்டாம், வேலியோரம் ஆறடிக்கு ஒரு குழியாகப் போட்டு ஏற்றிவிடுங்கள். அசுவினிப் பூச்சி அப்பினால் சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து சாயங்காலம் அடியுங்கள், பூ இருக்கும்போது காலையில் தெளிக்காதீர்கள், தேனீ வரும் நேரம் அது.

பச்சைக்கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் கையில் நின்று பருப்பு மட்டும் பிதுங்கி விழும், பிதுக்குப் பருப்புக் குழம்பு அதில்தான். ராகிக் களிக்கு அதைவிடப் பொருத்தமான குழம்பு எனக்குத் தெரியாது. பிதுக்கிய பருப்பை வெயிலில் காய வைத்தும் வைத்துக்கொள்ளலாம், அடுத்த மழைக்காலத்தில் ஊறவைத்தால் போதும்.

முழுக்கொட்டையாகச் சேமிப்பதில்தான் பயறு வண்டு தொல்லை. வண்டு தோட்டத்திலேயே நெற்றின் மேல் முட்டை இட்டுவிடுகிறது, நாம் டப்பாவில் போட்டு மூடிய பிறகு உள்ளே உளுத்துப்போகிறது. அதற்குப் பழைய வைத்தியம் செம்மண் கட்டுவது, அதைவிட எளிதான ஒன்றை நான் பார்த்ததில்லை. உங்கள் நிலத்துச் செம்மண்ணையே கல் இல்லாமல் மெல்லிய துணியில் சலித்து, தண்ணீர் விட்டுத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, நன்றாகக் காய்ந்த கொட்டையை அதில் புரட்டி, ஒரு ராத்திரி குவித்து வைத்து, மறுநாளிலிருந்து இரண்டு மூன்று நாள் வெயிலில் பரப்புங்கள். ஒவ்வொரு கொட்டையும் மெல்லிய மண் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். அந்தப் பூச்சின் மேல் வண்டால் ஒழுங்காக முட்டை ஒட்ட முடியாது. சமைக்கும்போது இரண்டு தண்ணீர் கழுவினால் போய்விடும். துவரைக்கும் இதே முறைதான். அடுத்த ஆடிக்கு விதையும் இதிலிருந்தே எடுக்கலாம். மண் கட்டப் பொறுமை இல்லாதவர்கள் லேசாக விளக்கெண்ணெய் தடவி வைக்கலாம், வசம்புத் துண்டு போட்டு வைக்கலாம், ஆனால் மாதம் ஒரு முறை வெயில் காட்டுவதை நிறுத்தக் கூடாது. அமாவாசைக்கு அமாவாசை பயறு பருப்புகளை முற்றத்தில் கொட்டும் பழக்கம் இருந்த வீடுகளில் வண்டு குறைவாகத்தான் இருந்தது.

கொத்தவரையைத் தை பிறந்ததும் விதையுங்கள். அது வெயிலுக்கு அஞ்சாத பயிர், ஐம்பது நாளில் காய் வந்துவிடும், அதாவது பங்குனியில் கைநிறையக் காய் இருக்கும், தலைக்கு மேல் வற்றல் வெயிலும் இருக்கும். கோடையில் வேறு என்ன நிற்கும் என்றால் வெண்டை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை, கத்தரி, பீர்க்கு. இவற்றுக்கு மதிய வெயிலை மட்டும் மறைக்கிற மாதிரி மேற்கே ஒரு பச்சை நிழல் வலை கட்டினால் போதும், 50 சதவீத வலை. முருங்கை ஒன்று, சுண்டைக்காய் ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, எலுமிச்சை ஒன்று மூலைக்கு மூலை வைத்துவிடுங்கள், இவை இருக்கிற வீட்டில் சமையலறை ஒரு நாளும் வெறுமையாக இருக்காது. பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழையும் சேம்பும்.

முருங்கைக்கீரையையும் கறிவேப்பிலையையும் வெயிலில் போடாதீர்கள். நேர் வெயில் பட்டால் பச்சை போய் வைக்கோல் நிறம் வந்துவிடும், கண்ணுக்கு நல்லது என்று எதற்காகச் சாப்பிடுகிறோமோ அந்தச் சத்தும் பெரும்பாலும் போய்விடும். அலசி, தண்ணீர் வடித்து, மின்விசிறி ஓடுகிற அறையில் துணியில் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் கையில் நொறுங்கும்.

இப்போது காய வைக்கும் வேலை, இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். கொத்தவரை, பாகல், கத்தரி எதுவானாலும் உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது போட்டு, நிறம் மாறி அரைவேக்காடு ஆனதும் எடுத்துவிடுங்கள். பச்சையாகக் காய வைத்தால் காய்ந்த பிறகும் உள்ளே மாற்றம் நடந்துகொண்டே இருக்கும், நாலு மாசத்தில் வைக்கோல் வாடை அடிக்கும். தக்காளிக்கு வேகவைக்க வேண்டாம். சதைப்பற்றான நீள உருண்டைப் பழமாகப் பார்த்து இரண்டாகப் பிளந்து, விதையும் சாறும் பிழிந்தெடுத்து அன்றைய ரசத்துக்கு வைத்துக்கொண்டு, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, உப்பைத் தூவுங்கள். ஒரு கிலோ பழம் காய்ந்து அறுபது எழுபது கிராம்தான் தேறும், அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம், பழத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். நாட்டுத் தக்காளி சாறு நிறைந்தது, அது வற்றலுக்கு வேண்டாம், தொக்குக்கு விடுங்கள்.

மொட்டை மாடித் தரையில் பாயை விரித்துப் போடுவதை விட, கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் அதன் மேல் பழைய வேட்டியை விரித்துப் பரப்பினால் கீழேயும் காற்று ஓடும், பாதி நாள் மிச்சமாகும். மேலே ஒரு கொசுவலைத் துணி, நாலு மூலையிலும் கல். சாயங்காலம் ஐந்து மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள். பகலெல்லாம் காய்ந்தது ராத்திரிப் பனியில் திரும்ப ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மாசிப் பனியை லேசாக நினைக்க வேண்டாம்.

காய்ந்துவிட்டது என்று தோன்றியதும் நேராக எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடாதீர்கள். முதலில் ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் நிரப்பி மூடி, ஒரு வாரம் கண்ணில் படுகிற இடத்தில் வைத்து, தினமும் ஒரு முறை குலுக்குங்கள். ஒரு காய் அதிகம் காய்ந்திருக்கும், ஒன்று குறைவாக இருக்கும், இந்த ஒரு வாரத்தில் ஈரம் பரவிச் சமமாகிவிடும். கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தாலோ துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினாலோ மறுபடி வெயிலுக்கு. எதுவும் இல்லையென்றால் டப்பாவுக்கு. ஃப்ரீசர் இருந்தால் இரண்டு நாள் அதில் வைத்து எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி முட்டைகளும் செத்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மிளகாயிலோ நிலக்கடலையிலோ பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை தெரிந்தால் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். சரியாகக் காயாத கடலையிலும் மிளகாயிலும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. அந்த டப்பா முழுவதையும் குப்பைக்கு அனுப்புங்கள், மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். மனசு கேட்காதுதான், தெரியும்.

அடுத்தது பாட்டில் கேள்வி. பச்சை பீன்ஸ், கேரட், கத்தரி, வெண்டை, வேகவைத்த மொச்சை இவற்றைத் தண்ணீரோடு பாட்டிலில் அடைத்து, பானையில் கொதிக்க வைத்து மூடி, அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். மண்ணில் இருக்கிற க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் கொதிக்கும் தண்ணீரில் சாவதில்லை. புளிப்பு இல்லாத, காற்று இல்லாத, ஈரமான பாட்டில் அதற்குப் பிடித்த இடம். அது உண்டாக்கும் நஞ்சுக்குப் பெரும்பாலும் வாடையும் கிடையாது, ருசியும் மாறாது, நரம்பை முடக்கி மூச்சை நிறுத்தும். அந்த விதைகளை அழிக்க 121 டிகிரி அளவுக்கு அழுத்தத்தில் வேகவைக்க வேண்டும், அதற்கென்று செய்த பெரிய பாத்திரத்தில், சோதித்து எழுதிய நேரக் கணக்குப்படி. நம் சமையல் குக்கர் சிறியது, சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும், விசில் எண்ணி அந்தக் கணக்கைப் பிடிக்க முடியாது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடும் குறையும், ஓசூரில் அது 97 டிகிரி அளவில்தான் கொதிக்கிறது.

அளவுகோல் புளிப்புதான். பி.எச். 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. புளி, எலுமிச்சை, புளிப்பு மாங்காய் எல்லாம் நன்றாகக் கீழே. தக்காளி சரியாக அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிற காய், ஒரு பழம் கீழே இருக்கும், ஒரு பழம் மேலே போய்விடும். அதனால் தக்காளியைப் பாட்டிலில் அடைக்கத்தான் வேண்டும் என்றால், அரை லிட்டருக்குக் கால் டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் கட்டாயம் சேருங்கள். தண்ணீர் சேர்க்காமல் நசுக்கிக் கொதிக்க வைத்த தக்காளியைச் சுடச்சுட நிரப்பி, அதற்கென்று விற்கும் புது மூடி போட்டு, மூடிக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி முழுக்கி, நம் உயரத்துக்கு அரை லிட்டர் பாட்டில் நாற்பது நிமிஷம் தளதளவென்று கொதிக்க வேண்டும். பழைய ஜாம் பாட்டிலும் அதன் பழைய மூடியும் இதற்கு உதவாது. என்னைக் கேட்டால், இத்தனை வெயில் இருக்கிற ஊரில் இவ்வளவு விறகோ கேஸோ செலவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. வற்றல் போடுங்கள், மிச்சத்தைத் தொக்காக்குங்கள்.

தொக்குக்கு நம் மாவட்டத்துப் புளியே இருக்கிறது, அதுவும் தக்காளி முடிகிற மாசி பங்குனியில்தான் மரத்திலிருந்து உலுக்குகிறார்கள். தக்காளியோடு தாராளமாகப் புளி சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரம் கட்டும் வரை சுண்ட வையுங்கள். எண்ணெய் மேலே நின்றால் கெடாது என்று பலர் நினைக்கிறார்கள், எண்ணெய் காற்றை மட்டும்தான் தடுக்கும், காப்பது உப்பும் புளிப்பும். உப்புக் குறைவாகப் போட்ட தொக்கை ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். பூண்டைச் சும்மா எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பதும் நான் மேலே சொன்ன அதே ஆபத்துதான், பூண்டு ஊறுகாய்க்குப் புளியோ எலுமிச்சையோ நிறைய வேண்டும். எலுமிச்சை ஊறுகாய்க்குக் கிலோவுக்கு இருநூறு கிராம் உப்பு, அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

புளியை வாங்கியதும் கொட்டையும் கோதும் எடுத்து, ஒரு நாள் வெயில் காட்டி, கல்லுப்பைத் தூவி மண் பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அழுத்தி வையுங்கள். அலுமினியமும் இரும்பு மூடியும் வேண்டாம், புளி அதை அரித்துவிடும்.

மாங்காய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கிருஷ்ணகிரி பக்கத்திலேயே இருக்கும்போது சொல்லாமல் விட முடியவில்லை. சித்திரைக் காற்றில் விழுகிற காய்களைத் தோப்புக்காரர்கள் மலிவாகக் கொடுப்பார்கள். கீறி, உப்பும் மஞ்சளும் புரட்டி ஒரு ராத்திரி வைத்து, மறுநாளிலிருந்து காய வைத்தால் மாங்காய் வற்றல், வத்தக்குழம்புக்கும் பருப்புக்கும் வருஷம் முழுக்க. அதைக் கோடை மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா பழம் ஆனி ஆடியில்தான் மலையாக வரும், அப்போது வெயிலை நம்பிப் பழத்தைக் காய வைப்பது கஷ்டம். அதை ஜாமாகச் சுண்டக் காய்ச்சுங்கள், கிலோ கூழுக்குக் குறையாமல் முக்கால் கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சை. ஆவக்காய் மாதிரி நாள்பட நிற்கிற ஊறுகாய்க்குப் பெங்களூராவை விடப் புளிப்பான நாட்டுக் காய்தான் நல்லது.

தண்ணீர் விஷயம் ஒன்று பாக்கி. நம் மாவட்டத்துப் பல போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013இல் வந்தது. செடிக்குப் போர் தண்ணீர் விடலாம், பாத்தியில் வெள்ளையாக உப்புப் பூத்தால் மட்டும் மழை நாளில் நன்றாக வடிய விட்டு, தொழுஉரம் கூடுதலாகப் போடுங்கள். ஆனால் காய் வேகவைக்க, புளி கரைக்க, உப்பு நீர் கலக்க ஒகேனக்கல் தண்ணீரையோ மழைநீரையோ எடுங்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் அடர்த்தியாகும், தொக்கு, வற்றல் வேலை முழுக்கச் சுண்ட வைக்கிற வேலைதான்.

இப்போது ஆனி கடைசி. இந்த வாரம் மூன்று சென்ட்டையும் கொத்தி, தொழுஉரம் போட்டு, மேட்டுப்பாத்தியை இழுத்து வையுங்கள். ஆடி பிறந்ததும் மிளகாயும் கத்தரியும் நாற்று விடுங்கள், நாற்றங்காலுக்கு மேல் ஒரு பழைய கொசுவலையைக் கட்டினால் வெள்ளை ஈ அண்டாது. முதல் நல்ல மழைக்கு வேலியோரம் அவரையும் மொச்சையும். நாட்டு அவரை விதை கடைப் பாக்கெட்டில் வாங்குவதை விடப் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் மானாவாரி போடுகிற யாரிடமாவது ஒரு கைப்பிடி கேட்டு வாங்குங்கள், இல்லையென்று சொல்ல மாட்டார்கள். செடியில் நோய் வந்தால் இலையைப் பறித்துக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கே நேரில் போய்க் காட்டலாம். தக்காளி நாற்றைப் புரட்டாசி வரை தொடாதீர்கள், நர்சரியில் வாட்டசாட்டமாக நின்று கூப்பிட்டாலும் சரி.